மெல்லினத்தில் ஒரு பாராட்டுரை

கோமளாவுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தவர் பேராசிரியர் வைத்தியலிங்கம். அவர் இன்னும் "அவர்களே, அவர்களே" என்று பாராட்டு விழா மேடையில் இருப்பவர்களை விளித்தே முடிக்கவில்லை, அதற்குள் அவளுக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. அடுத்தது அவள்தான். மாசிலாமணியின் நாவல்களை ஏன் படிக்க வேண்டும் என்பதுதான் தலைப்பு, மகளே வந்து சொன்னால் நன்றாக இருக்கும் என்று பதிப்பாளர் உதயணன் வீடு தேடி வந்து கேட்டிருந்தான், இவளும் தலையை ஆட்டித் தொலைத்தாள். தலையாட்டுவதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, வாயைத் திறப்பதில்தான் எல்லாம். திக்குவாய். அதுவும் எல்லா எழுத்துக்கும் திக்காது, அதுதான் கூத்து. பள்ளிக்கூடத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பலகையில் எழுதிப்போட்ட அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது, இது இலக்கணமில்லை, என் தலையெழுத்து என்று. க, ச, த, ப என்று தொடங்குகிற எந்தச் சொல்லும் தொண்டையில் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். ம, ந, வ, பிறகு அ, ஆ, இ, இதெல்லாம் தண்ணீர் மாதிரி வரும். அதனால் அவள் கடைக்குப் போனால் சர்க்கரை கேட்க மாட்டாள், "இனிப்பா இருக்குமே, அது" என்பாள். பஸ்ஸில் திருமங்கலம் என்று கேட்க முடியாமல் உசிலம்பட்டிக்குச் சீட்டு வாங்கிவிட்டுப் பாதியில் இறங்குவாள். தன் பெயரையே சொல்ல முடியாது. யாராவது கேட்டால் "வள்ளி" என்பாள். பெற்ற பிள்ளைக்குத் திக்கும் என்று யாருக்குத் தெரியும், தெரியாமல்தான் அப்பா கோமளா என்று வைத்தார், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு செய்ததற்குத்தான் சொல்ல வேண்டும். இப்போது மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும், பிரச்சினை அதுவல்ல. கொடூரமானவர் என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொல்ல வேண்டும். படியுங்கள் என்று சொல்ல வேண்டும். கொ, பொ, ப. நாசமாய்ப் போக, உண்மையெல்லாம் வல்லினத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கீழே முதல் வரிசைக்கும் முன்னால், சக்கர நாற்காலியில், அவர். பொன்னாடை தோளிலிருந்து நழுவி மடியில் கிடந்தது, யாரும் எடுத்துவிடவில்லை. வலது பக்கம் முழுதும் போய்விட்டது, பக்கவாதம், முகத்தில் பாதி ஆட்டத்துக்கு வராது. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. எத்தனை ஆயிரம் சொல் வைத்திருந்த மனுஷன், அதிலிருந்து நாக்கு பொறுக்கி எடுத்து மிச்சம் வைத்த சொல்லைப் பார்க்க வேண்டுமே: சரி. வாழ்நாளில் யாருக்கும், எதற்கும், அம்மா கல்யாண நாளில் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டதற்குக்கூடச் சரி சொல்லாதவருக்கு, கடைசியில் அது ஒன்றுதான் வாயில் தங்கியது. "இன்னும் வேணுமாப்பா?" "சரி." "வலிக்குதா?" "சரி." "உயிரை விட்டுரலாமான்னு இருக்கா?" என்று ஒரு நாள் வேண்டுமென்றே கேட்டாள். அதற்கும் சரி. எந்தச் சரி சரி, எந்தச் சரி கூடாது என்பது இழுக்கிற இழுப்பில் இருக்கிறது, அது இந்த ஊரில் கோமளாவுக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய நாவல்களும் அப்படித்தான், முழுதாகப் படித்தவள் இந்த அரங்கத்திலேயே அவள் ஒருத்திதான், அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அந்த நல்ல கண் மேடையில் வேறு யாரையும் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீ சொல்லு, உனக்குத் தெரியும், நீ சொன்னால் போதும் என்கிற பார்வை. எல்லா நாவலும் மறுபதிப்பு வருகிறது, இன்னொரு தடவை வராது, இப்போது யாராவது சரியாக எடுத்துச் சொன்னால் பிழைக்கும், இல்லையென்றால் பழைய பேப்பர்க்காரனுக்குத்தான். சொல்லலாமே. சொல்வதற்கா இல்லை. செவ்வாய்க் கிரகத்தில் வரிசை என்று ஒரு நாவல், அதை எடுத்துக்கொண்டாலே போதும். மனுஷர்கள் செவ்வாய்க்குக் குடிபோகிறார்கள், போய் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு கவுன்ட்டர் கட்டுகிறார்கள், கவுன்ட்டருக்கு முன்னால் கயிறு கட்டுகிறார்கள், காற்று வாங்க வரிசை. சாதிச் சான்றிதழ் காட்டினால் எந்தத் தொட்டிக் காற்று என்று எழுதிக் கொடுப்பார்கள். மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருப்பவன் பின்னால் நிற்பவனிடம், "ஏங்க, நீங்க எங்களுக்கு அப்புறம்தானே?" என்று கேட்டுவிட்டுச் சாகிறான். இதை எழுதியவருக்கு விஞ்ஞானம் அரைகுறை, ஒளியாண்டை ஆண்டுக் கணக்கென்று நினைத்துக்கொண்டிருந்தவர், ராக்கெட் எப்படிப் போகும் என்று கேட்டால் போகும் என்பார். ஆனால் ராக்கெட்டில் ஏறுகிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரியும். நூறு வருஷம் தள்ளிக் கதையைக் கொண்டுபோய் வைத்தால்தான் இன்றைக்குச் செய்கிற அயோக்கியத்தனம் கண்ணுக்குத் தெரியும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்தப் பாவியே கண்டுபிடித்தார்.

அதே கண்டுபிடிப்பை வீட்டிலும் சோதித்துப் பார்த்தார், அதுதான் வினை. மருமகள் மாடல் மூன்று என்ற நாவல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது அவள் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள். வரதட்சணைக்குப் பதிலாக அரசாங்கமே இயந்திர மருமகளைத் தவணையில் கொடுக்கிறது. சமைக்கும், துவைக்கும், மாமியார் திட்டினால் அழும், அழுகைக்குத் தனி பட்டன். அந்த மாடலில் ஒரே ஒரு கோளாறு, பேசும்போது முதல் எழுத்திலேயே நின்றுவிடும். பேரைக் கேட்டால் கோ-கோ-கோ என்று நின்றுவிடுவதால் அதற்குப் பேரே கோ-கோ. ஊரே சிரித்தது. வகுப்பு சிரித்தது. வருகைப்பதிவு எடுக்கிற டீச்சர் அவள் பேர் வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தி, மூக்கால் சிரித்துவிட்டு, "கோ-கோ வந்தாச்சா?" என்றாள். வீட்டுக்கு வந்து அழுதவளிடம் அவர் என்ன சொன்னார்? "அழாதடி. எப்படி அழுற, இரு, வாயை அப்படியே வை." பார்த்தார், பார்த்துவிட்டு உள்ளே போனார், அடுத்த வாரம் அந்த வாயும் கதையில் வந்தது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் சித்தப்பா பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "கதையில வர்ற பொண்ணு இதுதானுங்களா?" என்று கேட்டதும் அப்பா முகம் மலர்ந்ததே, அந்த மலர்ச்சியை அவள் செத்தாலும் மறக்க மாட்டாள். "இதேதான். ஆனா அசல் கொஞ்சம் செலவு கம்மி." எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை பையன் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். அப்புறம் வரவில்லை. அப்புறம் யாருமே வரவில்லை என்று சொன்னால் பொய், வந்தார்கள், அவளுக்குத்தான் யார் முன்னாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கப் பிடிக்கவில்லை. அரசாங்க ஆபீஸில் கோப்பு அடுக்குகிற வேலை கிடைத்தது, கோப்புக்கு வாய் தேவையில்லை. இதையெல்லாம் மைக்கில் சொல்லிவிட்டு, இந்த ஆளைப் படிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கலாம் என்று காலையில் குளிக்கும்போது நினைத்தாள். ஆனால் அந்த நாவலின் கடைசி அத்தியாயம் இருக்கிறதே. அங்கேதான் அவள் ஒவ்வொரு தடவையும் போய் மாட்டிக்கொள்வாள். கோ-கோவைச் செய்த இன்ஜினியர் அதன் திக்கலைச் சரிசெய்துவிடுகிறான். கோ-கோ தெளிவாக, அழகாகப் பேசுகிறது. அன்றிலிருந்து ஒன்றுகூட விற்கவில்லை. சனங்கள் அதை வாங்கியதே சிரிப்பதற்குத்தான். கிடங்கில் கோ-கோ, "நான் நன்றாகப் பேசுகிறேனா, அப்பா?" என்று கேட்கிறது, இன்ஜினியர், "ரொம்ப நல்லா பேசுற" என்று சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்து அதன் நாக்கைத் திரும்ப உடைக்கிறான். அவ்வளவுதான், நாவல் முடிந்தது. அதைவிட ஈவிரக்கமில்லாத ஒரு பக்கத்தை அவள் படித்ததில்லை, அதைவிட உண்மையான பக்கத்தையும் படித்ததில்லை. அந்த இன்ஜினியர் யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினார். தன்னையும் விடவில்லை. தெரியாமல் செய்திருந்தால் போய்த் தொலைகிறது என்று விட்டிருக்கலாம், தெரிந்து செய்தவரை என்ன செய்வது? மன்னிப்புக் கேட்டாரா, இல்லை அதையும் விற்றாரா? இத்தனை வருஷமாக அவருக்கு ஊட்டிவிடும்போதும் துடைத்துவிடும்போதும் கேட்க நினைத்திருக்கிறாள், கேட்கப் போனால் முதல் சொல்லே "திருப்புளி"யில் போய் நிற்கும், த, வராது. இப்போது கேட்டால் சரி என்பார்.

இந்த நேரத்தில்தான் பேராசிரியர் குரலை உயர்த்தினார். "அழைப்பிதழிலே பாருங்கள்! அறிவியல் அங்கத நாவலாசிரியர் என்று போட்டிருக்கிறார்கள்! யார் இந்த அங்கதன்?" கோமளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அய்யய்யோ. "வாலியின் மைந்தன்! இராமபிரானின் தூதன்! இராவணன் சபையிலே அஞ்சாமல் நின்ற அந்த அங்கதனைப் போல, நம் மாசிலாமணி ஐயா அறிவியலின் தூதராக நின்றார்!" கைதட்டினார்கள். அங்கதம் என்றால் கிண்டல், கேலி, வசையிலே ஒரு வகை, தமிழ் எம்.ஏ.வில் மனப்பாடம் பண்ணுகிற சமாச்சாரம். முப்பது வருஷம் அதையே நடத்திச் சம்பளம் வாங்கியவர் வாலி மகனைக் கொண்டுவந்து மேடையில் இறக்குகிறார், அதற்கும் தட்டுகிறார்கள். அவள் பயந்துகொண்டே கீழே பார்த்தாள், அவமானத்தில் துடிக்கிறாரோ என்று. துடிப்பாவது! பாதி முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நல்ல கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு, தோள் குலுங்குகிறது, எச்சில் வழிகிறது, மனுஷனுக்கு இதைவிட ஒரு விருந்து கிடையாது. அவரைத் திட்டினாலும் தின்பார், தப்பாகப் புரிந்துகொண்டாலும் தின்பார், அம்மா செத்ததையே தின்றவர்தானே. மின்மயானத்தில் அம்மாவைக் கிடத்தியிருக்கிறார்கள், பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஆள், "இறந்தவங்க கையெழுத்து ஒண்ணு வேணுமே சார்" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இவர் அழுதுகொண்டிருந்தவர், அப்படியே நிறுத்திவிட்டு, "என்ன சொன்னீங்க, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். மாசம் திரும்பவில்லை, கட்டைவிரல் லோகம் என்ற தொடர் வர ஆரம்பித்தது. செத்தவர்கள் வேறு கிரகத்தில் போய் இறங்குகிறார்கள், வாசலில் உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்கிறார்கள். அம்மாவின் முப்பதாம் நாள் படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கோமளா, அதை ஒரு கையில் பிடித்துப் படித்து, அருவாமனை முன்னால் உட்கார்ந்தபடியே வெடித்துச் சிரித்தாள். சிரித்தபின்தான் அழுகையே வந்தது, அதுவரை வரவில்லை. படிக்க வேண்டியதற்கு அதைவிட என்ன காரணம் வேண்டும்? இரக்கப்பட்டு எழுதுகிறவன் எவனும் அவளை அன்றைக்கு அழ வைத்திருக்க மாட்டான். ஆக, இவரைத் திட்டுவதும் வீண், இவருக்கு அது தீனி. உள்ளதைச் சொன்னால் பூரித்துப் போவார். பிறகு எதுதான் இந்த மனுஷனைத் தொடும் என்று யோசிக்கும்போதே அவளுக்கு ஞாபகம் வந்தது, ஒரு எழுத்தாளனைத் தீர்த்துக்கட்ட வேண்டுமென்றால் அவர் திட்டவே மாட்டார். "நல்ல மனுஷன்யா," என்பார். "யாருக்கும் உறுத்தாது. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குத் தேங்காயோட சேர்த்துக் கொடுக்கலாம்." சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்புவார்.

"அடுத்ததாக, ஐயாவின் அன்பு மகள்..." கோமளா எழுந்தாள். மைக்கின் முன்னால் போய் நின்றாள். மைக்கில் அவள் மூச்சு பெரிதாகக் கேட்டது. சத்தியமாக அவள் உள்ளதைச் சொல்லத்தான் போனாள், நடக்கும்போது அந்த நல்ல மனுஷன் யோசனையை உதறிவிட்டுத்தான் போனாள், இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். "எல்லாருக்கும் வணக்கம்," என்றாள். வந்தது. "என் அப்பா..." வந்தது. அடுத்து கொடூரமானவர். "க்..." என்றாள். "க்... க்..." கழுத்து நரம்பு இழுத்தது, கண் தானாக மூடிக்கொண்டது, தொண்டைக்குள் சொல் குறுக்கே விழுந்து கிடந்தது. மூன்றாவது வரிசையில் ஒருத்தன் பக்கத்து ஆளின் விலாவில் இடித்து, காதில் ஏதோ சொன்னான். கோ-கோ என்றுதான் சொல்லியிருப்பான், பின்னே வேறு என்ன. இன்னொருத்தி செல்போனைத் தூக்கினாள். கண்ணைத் திறந்தபோது அவள் கீழே பார்த்தாள். அவர் முகம். அந்த நல்ல கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, ஆசையாக, உன்னிப்பாக, வாயை அப்படியே வை என்றாரே, அதே பார்வை. இத்தனைக்குப் பிறகும். எழுதுகிற கை விளங்காது, எங்கே எழுதப் போகிறார், ஆனாலும் குறித்துக்கொள்கிறார். அடப்பாவி மனுஷா. அவளுக்குத் தொண்டையில் கிடந்தது நகர்ந்துவிட்டது, அதன் இடத்தில் வேறொன்று, வழவழவென்று, வலிக்காமல் வந்தது.

"என் அப்பா நல்லவர்," என்றாள்.

கண் இமைத்தது. "ரொம்ப மென்மையான மனிதர். யாரையும் நோகடிக்க விரும்பாதவர்." ஓடியது வாய், என்னமாய் ஓடியது, ம-வும் ந-வும் அ-வும் கையைக் கோத்துக்கொண்டு வந்தன, தேட வேண்டியதில்லை, பொய்யெல்லாம் மெல்லினத்தில் வரிசை கட்டி நின்றது. "அவர் எழுத்தில் விஞ்ஞானம் இருக்கு. அதைவிட அன்பு இருக்கு, ஒழுக்கம் இருக்கு, மனிதநேயம் இருக்கு. ஒரு வரியும் யாரையும் உறுத்தாது. வீட்டில் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து வாசிக்கலாம்." பெண்கள் தலையாட்டினார்கள். பேராசிரியர் "ஆகா" என்றார். கீழே பாதி முகத்தில் சிரிப்பு அணைந்து போயிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த அரங்கத்தில் அவருக்கு மட்டும்தான் புரியும், எழுதக் கற்றுக்கொடுக்காமலேயே அவளுக்கு அங்கதம் வந்துவிட்டது என்று. நிறுத்தலாம், இங்கே நிறுத்தினால் சும்மா மகள் பேச்சு என்று போய்விடும் என்று ஒரு எண்ணம் ஓடியது, ஓடட்டும். "அந்த மருமகள் நாவலை எடுங்க. எல்லாரும் விளையாட்டுன்னு நினைச்சு வாசிக்கிறாங்க. இல்லை. அது ஒரு வாழ்த்து. மகளுக்கு அப்பா எழுதின வாழ்த்து." இதற்குக் கை தட்டல் விழுந்தது, ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சரி!" என்று ஒரு சத்தம். அவர்தான். "சரி! சரி! சரி!" இடது கையால் நாற்காலிப் பிடியை ஓங்கி ஓங்கி அடித்தார், கழுத்து சிவந்துவிட்டது, பொன்னாடை தரையில் விழுந்தது. இல்லை, இல்லை, இல்லை. அப்படித்தான் அவளுக்குக் கேட்டது. "ஐயாவே ஒத்துக்கிட்டாங்க!" என்று பேராசிரியர் கூவினார், அரங்கம் எழுந்து நின்று தட்டியது. கைதட்டல் அடங்கும்வரை கோமளா காத்திருந்தாள். "உங்க வீட்டு விசேஷத்துக்கு வர்றவங்களுக்கு," என்றாள், அவரைப் பார்த்து நிதானமாக, "அன்பளிப்பா வழங்குங்க. நல்ல மனுஷர். வணக்கம்."

இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய் துடைத்துவிட்டாள், பொன்னாடையை எடுத்து மடித்து மடியில் வைத்தாள். இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது, பிடியில் பலம் இருந்தது. "சரி... சரிசரி..." கெஞ்சல் அது. அப்படி ஒரு சரியை அவள் இதுவரை கேட்டதில்லை. பயம் தெரிந்தது அதில். யாருடைய பயத்தையும் விடாமல் பார்த்து எழுதிய மனுஷனுக்கும் பயம் இப்படித்தான் இருக்குமா, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தது என்பதற்காக ஒன்றும் நகரவில்லை உள்ளே. உதயணன் மேடையிலிருந்து குதிக்காத குறையாக ஓடி வந்தான், நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அவர் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அக்கா, என்னா பேச்சுக்கா! ஐயா எவ்வளவு சந்தோஷப்படுறாங்க பாருங்க, கண்ணுல தண்ணி. ஒரு விஷயம் கேக்கணும்க்கா. எல்லா நாவலும் நாளைக்கு அச்சுக்குப் போகுது, முன்னுரைக்கு யாருமே அகப்படல, படிச்சவங்க யாராவது இருந்தாத்தானே. நீங்க பேசினதையே எழுத்து மாத்தாம எல்லாப் புத்தகத்துலயும் முன்னால போட்டுரட்டுமா? இனிமே யார் திறந்தாலும் முதல்ல இதைப் படிச்சுட்டுத்தான் உள்ள போவாங்க." மணிக்கட்டில் அவர் நகம் பதிந்தது. "சரி," என்றார், "சரி, சரி, சரி," என்று தலையை இடமும் வலமும் ஆட்டினார், பாதிதான் ஆடியது. "ஐயாவே சரின்னுட்டாங்க," என்று உதயணன் சிரித்தான், "நீங்க சொல்லுங்கக்கா."

"போடுங்க," என்றாள். வல்லினம்தான், ஒரு இடத்திலும் நிற்காமல் வந்தது.